தலைமையாசிரியர் மகள் எந்தப் பள்ளி?

1

பிரான்சில் இருக்கிறேன் என்று சொன்னதும் காரைக்கால்காரர்கள் என்னை நேராக ஈபிள் கோபுரத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். நான் இருக்கும் ஊரில் ஆக உயரமான கட்டடம் மாட்டுத் தீவனக் கிடங்கு. பாரீசுக்குப் போக ஒரு பேருந்து பிடித்து, இரண்டு ரயில் மாற வேண்டும். அந்தப் பேருந்தும் பள்ளி விடுமுறை நாட்களில் ஓடாது. என் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றதும், அமைதியான இடமாகப் பார்த்து வாழ வேண்டும் என்று தேடிப் பிடித்த ஊர் இது. அமைதி நிறையவே கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் இன்னும் எங்களுக்குப் பிடிபடவில்லை. அவர் பால் கூட்டுறவுக்கு வேலைக்குப் போகிறார், நான் முதியோர் இல்லத்துக்குப் போகிறேன்.

மகள் யாழினிக்குப் பள்ளி பார்க்கும் பொறுப்பு என்னுடையது. காரைக்கால் தலத்தெருவில் பிறந்தவளுக்குப் பள்ளியை எடைபோடத் தெரியாதா? எங்கள் பக்கத்தில் பள்ளிக்குள் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வேன் புதிதா, டை இருக்கிறதா, பெல்ட்டில் பள்ளி முத்திரை இருக்கிறதா, தேர்வு முடிவு வந்த மறுநாள் பேருந்து நிலையத்தில் எத்தனை முகங்களோடு பிளெக்ஸ் வைக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். பெயரில் எங்காவது கான்வென்ட் என்று இருந்துவிட்டால் மேற்கொண்டு விசாரணை கிடையாது.

இங்கே பார்த்தால் சுற்றுவட்டாரத்தில் மூன்று பள்ளி, மூன்றும் அரசுப் பள்ளி. சந்தை கூடும் சிறு நகரத்தில் ஒன்று, வகுப்புக்கு ஓர் அறை. அடுத்த கிராமத்தில் ஒன்று, அதில் சின்னப் பிள்ளைகள் மட்டும். எங்கள் ஊரில் ஒன்று, அங்கே மூன்று வகுப்புகளை ஒரே அறையில் உட்கார வைத்து ஒதில் என்ற ஒரே ஆசிரியை பாடம் நடத்துகிறார். மூன்றில் எதற்கும் வேன் இல்லை, பிளெக்ஸ் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளியின் வாசலில் ஒரு கோழி நின்றுகொண்டிருந்தது. அது பள்ளியின் கோழி என்றும், பிள்ளைகள் முறை வைத்துத் தீனி போடுகிறார்கள் என்றும் ஒதில் பெருமையாகச் சொன்னார். வீடு எங்கே இருக்கிறதோ அந்த ஊர்ப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்பது இங்கே சட்டம் என்றார்கள். காரைக்காலில் இப்படி ஒரு சட்டம் வந்திருந்தால் கடைத்தெருவே அடைத்திருக்கும்.

வாயை மூடிக்கொண்டு சேர்த்தேன். ஆனால் முதல் நாள் என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன். இருப்பதைக் கொண்டு பிள்ளையைப் பள்ளிப் பிள்ளையாக்க வேண்டுமே என்று நீல பினோஃபார்ம், வெள்ளைச் சட்டை, டை எல்லாம் நானே தைத்து, இரட்டைச் சடை பின்னி, கருப்பு ஷூவைத் துடைத்துப் போட்டு அனுப்பினேன். பள்ளியே அவளை வேடிக்கை பார்த்தது. அவளுக்கு இன்று பிறந்தநாளா, இது விமானப் பணிப்பெண் வேடமா என்று ஒதில் மிகவும் அன்பாக விசாரித்தார். மறுநாள் யாழினி டையை எடுத்து நாய் பொம்மையின் கழுத்தில் கட்டிவிட்டாள்.

2

இந்த மே மாதம் என் தம்பி இளங்கோ வந்தான். அம்பகரத்தூர் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியர். தலத்தெரு வீட்டிலிருந்து தினமும் பைக்கில் போய்வருகிறான்.

அவனை இங்கே வரவழைத்த கதையைத் தனியாக எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். அரசு ஊழியர் வெளிநாடு போக அனுமதி வாங்க வேண்டும். கோப்பு காரைக்காலில் புறப்பட்டு, நடுவில் தமிழ்நாட்டைக் கடந்து, புதுச்சேரிக்குப் போய், அங்கே இளைப்பாறித் திரும்பி வர வேண்டும். இங்கே நான், அவனை வீட்டில் தங்கவைக்கச் சான்றிதழ் வாங்க மேரிக்குப் போனேன். காரைக்காலில் பழைய ஆட்கள் நகராட்சி அலுவலகத்தைச் சொல்வார்களே, அதே மேரிதான். எங்கள் மேரி வாரத்தில் இரண்டு பிற்பகல்தான் திறந்திருக்கும். தம்பி எந்த அறையில் தூங்குவான், அந்த அறைக்கு ஜன்னல் உண்டா, எத்தனை சதுர மீட்டர் என்று கேட்டார்கள். காரைக்காலில் நாங்கள் வளர்ந்த வீட்டுக் கூடத்தில் எத்தனை பேர் படுத்தோம் என்று சொல்லியிருந்தால் விசாவும் கிடைத்திருக்காது, என்னையும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அப்புறம் என் பெயருக்கு முன்னால் நிற்கும் "க." என்பது யார் என்று கேட்டார்கள். அப்பா என்றேன். அப்பா ஏன் ஒற்றை எழுத்தாக இருக்கிறார் என்று அந்த அம்மாள் நிஜமான கவலையோடு கேட்டார்.

வந்தவனிடம் பாரீஸ் பார்க்கலாமா என்றேன்.

"கோபுரம் எங்கயும் ஓடிப்போயிராதுக்கா. மொதல்ல யாழினி ஸ்கூலப் பாத்துருவோம்."

விடுமுறையில் வந்தவன் பள்ளியைப் பார்க்க வேண்டுமாம்! ஒதிலிடம் அனுமதி கேட்டேன். இந்தியாவிலிருந்து ஒரு பள்ளியின் இயக்குநர் வருகிறார் என்று அவர் வாசலுக்கே வந்து வரவேற்றார். தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியரை இங்கே இயக்குநர் என்றுதான் சொல்வார்கள். காரைக்காலில் அவனை எச்.எம். என்று கூப்பிடுவதோடு சரி, வாசலுக்கு வர ஆள் கிடையாது.

பின் பெஞ்சில் காலை முழுக்க உட்கார்ந்திருந்தான். ஒரு வரிசை வாசிக்க, ஒரு வரிசை கணக்குப் போட, மூன்றாவது வரிசை தோட்டத்துக்குப் போய் முள்ளங்கியை அளந்துகொண்டிருந்தது. பெரிய பிள்ளை ஒன்று சின்னப் பிள்ளைக்குக் கடிகாரம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது. வெளியே வந்தபோது தம்பியின் முகம் சரியில்லை.

"என்னடா, பிடிக்கலையா?"

"இல்லக்கா. ரெண்டு மூணு வகுப்ப ஒரே ரூம்ல வச்சு நானும் இப்புடித்தான் நடத்துறேன். வந்து பாக்குற அப்பா அம்மா எல்லாம் 'என்ன சார், ஆட்டுப்பட்டியா இது'ன்னு கேட்டுட்டுப் போறாங்க. இங்க என்னடான்னா இத ஒரு மொறைன்னு சொல்றாங்க."

அப்புறம் நடந்துகொண்டே அவன் சொன்னதுதான் விஷயம். அவன் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இப்போது மொத்தப் பள்ளியையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம். இந்த வருடமும் யாரும் சேராவிட்டால் பள்ளியை மூடி, இருக்கிற பிள்ளைகளைத் தூரத்துப் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள். நாற்று நடப்போகும் தாய்மார் பிள்ளையை அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட மாட்டார்கள், அந்தப் பிள்ளைகள் அப்படியே நின்றுவிடும் என்றான். அரசுப் பள்ளிக்கும் சிபிஎஸ்இ வந்துவிட்டது, புத்தகம் உண்டு, மதிய உணவு உண்டு. ஆனாலும் காலையில் ஊருக்குள் மஞ்சள் வேன்கள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. எந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டுகிறார்கள் என்றுகூட இவனுக்குத் தெரியும்.

3

சொல்லிவைத்தாற்போல எங்கள் ஊரிலும் அதே பிரச்சினை. பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம், இருக்கும் ஒரே வகுப்பறையையும் மூடப் போகிறார்களாம். மூடினால் ஒதில் போய்விடுவார், யாழினியின் அறை பூட்டப்படும், பிள்ளைகள் பேருந்தில் நகரத்துப் பள்ளிக்குப் போக வேண்டும்.

நல்லதுதான், வகுப்புக்கு ஓர் அறை கிடைக்கும் என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன். ஊரோ கொதித்தது. பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொதிக்க ஒரு காரணம் கிடைத்தால் திருவிழா மாதிரி. பழைய படுக்கை விரிப்புகளில் எழுதிப் பள்ளி வேலியில் கட்டினார்கள். ரொட்டிக்கடை போயிற்று, தபால் ஆபீஸ் போயிற்று, பள்ளியும் போனால் ஊரில் கல்லறை மட்டும்தான் மிச்சம் என்று பேசிக்கொண்டார்கள். பிள்ளையே இல்லாதவர்களும் பேரப்பிள்ளைகளைப் பாரீசில் வைத்திருப்பவர்களும் கூட டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் கூட்டம். எங்கள் மேயர் மாடு வளர்ப்பவர், பண்ணைக் காலணியோடே தலைமை தாங்குவார். இந்தியாவின் ஒரு கிராமப் பள்ளி இயக்குநர் நம்மோடு இருக்கிறார், இரண்டு வார்த்தை பேசுவார் என்று அவர் அறிவித்துவிட்டார். என் தம்பிக்கு மைக் என்றால் கேட்க வேண்டுமா? குடியரசு தினத்தில் பேசிப் பழகியவன். எழுந்துவிட்டான். மொழிபெயர்ப்பு நான்.

"எங்க ஊர்லயும் பள்ளிக்கூடத்த மூடப்போறாங்க. ஒரு ஆள் சத்தம் போடல. மூடுனா அந்த எடத்துல கல்யாண மண்டபம் வருமான்னுதான் கேக்குறாங்க. நீங்க ஒரு டீச்சர் போயிருவாங்கன்னு இவ்ளோ பேர் கூடியிருக்கீங்க. எங்ககிட்ட டீச்சர் இருக்காங்க, புத்தகம் இருக்கு, சோறு இருக்கு. புள்ளைங்கதான் இல்ல. கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்தா கௌரவக் குறைச்சல்னு நெனைக்கிறாங்க. அத மாத்த நான் வீடு வீடா ஏறி எறங்குறேன்."

கைதட்டினார்கள். எழுந்து நின்றே தட்டினார்கள். எனக்குக்கூடக் கண் கலங்கிவிட்டது. காரைக்காலில் யாரும் தட்டாத கையை இந்த மாட்டுக்காரர்கள் தட்டுகிறார்களே என்று பெருமையாக இருந்தது.

அப்போது ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். நல்லவள், என்னைப் பார்த்தால் பாலாடைக்கட்டி கொடுக்காமல் விட மாட்டாள். இயக்குநருக்குக் குழந்தைகள் உண்டா, அவர்கள் அவருடைய பள்ளியில் என்ன வகுப்பு படிக்கிறார்கள் என்று கேட்டாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. இங்கே ஆசிரியரின் பிள்ளை அதே பள்ளியில் படிப்பது சாதாரணம், ஒதிலின் மகனும் அந்த அறையில்தான் படித்தான்.

இளங்கோவுக்கு ஒரே மகள், மகிழ். யூகேஜி முடித்துவிட்டு, ஜூனில் ஒன்றாம் வகுப்பு. காரைக்காலில் நல்ல பெயர் எடுத்த தனியார் பள்ளி. டை, பெல்ட், வாசலில் வேன். இதில் என் தம்பியைத் தனியாகக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர் யாரும் தன் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்ப்பது வழக்கமில்லை. அடுத்தவர் பிள்ளைக்குப் பாடம் நடத்தி வாங்கும் சம்பளத்தில்தான் சொந்தப் பிள்ளைக்கு வேறு இடத்தில் ஃபீஸ் கட்டுவார்கள். அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை, கேட்பதும் இல்லை.

கேள்வியை அவனிடம் மெதுவாகச் சொன்னேன். "ஏதாவது சொல்லிச் சமாளிச்சிடுறேன்டா" என்றும் சேர்த்துச் சொன்னேன். அங்கே இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதானே என்ற தைரியம். பக்கத்தில் யாழினி இருப்பதை மறந்துவிட்டேன். தமிழில் எழுதச் சொன்னால் வயிற்று வலி வந்துவிடும் அவளுக்கு, காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

தம்பி மைக்கை என் கையில் கொடுத்தான். "உள்ளதையே சொல்லுக்கா. எம்பொண்ணு பிரைவேட்ல படிக்குதுன்னு சொல்லு."

சொன்னேன். யாரும் திட்டவில்லை, கூச்சல் போடவில்லை. "ஆ, போன்" என்றாள் ஆட்டுப்பண்ணைக்காரி. அப்படியா என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர்கள் மரியாதையாக ஒருவரைக் கழுவி ஊற்ற வேண்டும் என்றால் அந்த இரண்டு சொல் போதும். மேயர் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

4

வீட்டுக்கு வந்ததும் தம்பி சாப்பிடவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தான்.

"போனதும் மகிழ எங்க ஸ்கூலுக்கு மாத்திரப்போறேன்."

"கவிதாகிட்ட யார் சொல்றது?"

"நீதான் சொல்லணும். நீ சொன்னா கேப்பா."

கவிதா அவன் மனைவி. நான் சொன்னால் கேட்பாள் என்பது அவனுடைய கற்பனை. போனில் பேசினேன். அவள் கேட்கத்தான் செய்தாள், கேள்வி கேட்டாள்.

"ஏன் அண்ணி, ஊருக்குப் பாடம் நடத்துறதுக்கு எம்புள்ளதான் கெடச்சுதா? அவ என்ன வேலியில கட்டுற பேனரா?"

"அப்படி இல்ல கவிதா..."

"உங்க ஊர்ல கவர்மென்ட் ஸ்கூல்ல எல்லாரும் படிக்கிறாங்க. டாக்டர் புள்ளையும் அதுல, மாட்டுக்காரர் புள்ளையும் அதுல. இங்க எம்பொண்ணு மட்டும் தனியாப் போவணும். அப்புறம் இங்கிலீசு வரலைன்னா நீங்க வந்து சொல்லிக் குடுப்பீங்களா? யாழினிக்கு மொதல்ல தமிழ் எழுதச் சொல்லிக் குடுங்க அண்ணி."

கடைசி வாக்கியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. போனை வைத்துவிட்டுப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். கோபம் வந்தது, ஆனால் அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தாயின் பயத்துக்கு என்ன பதில் சொல்வது? இங்கே பேருந்தில் பிள்ளை போகக் கூடாது என்று கத்துகிற பெண்களுக்கும் அதே பயம்தான். அவர்கள் ஊரோடு சேர்ந்து பயப்படுகிறார்கள், கவிதா தனியாகப் பயப்பட வேண்டியிருக்கிறது.

தம்பி ஊர் திரும்பினான். வீட்டுக்குள் என்ன நடந்தது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. பல நாள் அவனுக்கு ரசமும் அப்பளமும்தான் என்று மட்டும் கேள்விப்பட்டேன். கடைசியில் ஒரு வருடம் மட்டும், சாயங்காலம் இங்கிலீசு டியூஷன் கட்டாயம், அழுதுகொண்டு வந்தால் மறுநாளே பழைய பள்ளி என்ற நிபந்தனைகளோடு கவிதா இறங்கிவந்தாள். ஜூனில் மகிழ் அப்பாவின் பைக்கில் முன்னால் உட்கார்ந்து அம்பகரத்தூர் ரோட்டில் போனாள். வேன் வந்து வாசலில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிற்று.

என் தம்பி என்ன நினைத்தான்? எச்.எம். மகளே இங்கே படிக்கிறாள் என்று பார்த்து ஊர் மனம் மாறும், பெற்றோர்கள் வரிசையில் நிற்பார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்பவர்களிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

5

ஊரை நாங்கள் இருவரும் மறந்துவிட்டோம். தலத்தெருவில் எங்கள் பக்கத்து வீட்டு ஜெய்னம்பு அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்தார். எங்கள் அம்மா போன பிறகு எங்களுக்கு நோன்புக் கஞ்சி அனுப்பாமல் ஒரு ரமலானும் விட்டதில்லை அவர்.

"ஏம்மா, அங்க ஒனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையே?"

"இல்லக்கா, நல்லாத்தான் இருக்கோம்."

"அப்ப தம்பிய இப்புடி விட்டுட்டியேம்மா. சின்னப் புள்ள, டை கட்டிக்கிட்டு வேன்ல எவ்ளோ அழகாப் போயிக்கிட்டு இருந்துச்சு. இப்ப வெயில்ல பைக்ல போவுது. பாக்க மனசு கேக்கல. எம்மவன் துபாய்லேருந்து அனுப்புறேங்குறான், வெக்கப்படாமச் சொல்லும்மா."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் ஊர் கண்டுபிடித்த காரணம் தெரிந்தது. ஒரு தலைமையாசிரியர் தன் மகளை அரசுப் பள்ளியில் சேர்க்கிறார் என்றால் அவருக்குப் பணக்கஷ்டம். வேறு என்ன காரணம் இருக்க முடியும்? சீட்டுக் கட்டி ஏமாந்துவிட்டான் என்று ஒரு கட்சி, போனில் சூதாடித் தொலைத்துவிட்டான் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஒத்துப்போகும் இடம் ஒன்றுதான். பிரான்சில் அக்காக்காரி கொழுத்துக் கிடக்கிறாள், கூடப்பிறந்த தம்பி பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட மனம் வரவில்லை.

கோபத்தில் நான் முழு விளக்கமும் கொடுத்தேன். மூன்று வகுப்பு ஓர் அறை, முள்ளங்கி, படுக்கை விரிப்பு, டிராக்டர், எல்லாவற்றையும் சொன்னேன். ஜெய்னம்பு அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"சரிம்மா, சரி. சொல்ல வேணாம். புரியுது. நான் துஆ செய்றேன்."

உடனே தம்பியைக் கூப்பிட்டேன். இந்த அசிங்கத்துக்கு ஒரு முடிவு கட்டு, இல்லை மகிழைப் பழைய பள்ளியிலேயே சேர், ஃபீஸை நானே கட்டித் தொலைக்கிறேன் என்றேன். அவன் சிரித்தான்.

"அக்கா, ஒரு வெசயம் சொல்றேன், சத்தம் போடாத. போன வாரம் ரெண்டு அட்மிஷன் வந்துச்சு. இந்த வாரம் இன்னொண்ணு. எல்லாம் வேன்ல போயிக்கிட்டு இருந்த புள்ளைங்க."

"ஒம் பேச்சக் கேட்டு வந்தாங்களா?"

"எம் பேச்ச எவன் கேட்டான்? ஒரு அம்மா புள்ளையக் கொண்டாந்து விட்டுட்டு என்ன சொல்லிச்சு தெரியுமா? 'எச்.எம். சாராலயே கட்ட முடியல, எங்களுக்கு என்ன சார் வெக்கம்'ங்குது. ரெண்டு வருசமா வட்டிக்கு வாங்கிக் கட்டுனவங்கக்கா. நிறுத்துனா ஊரு சிரிக்கும்னு பயந்துக்கிட்டு இருந்திருக்காங்க. இப்ப என்னயக் காட்டித் தப்பிச்சுட்டாங்க. இன்னும் நாலஞ்சு வீட்ல பேச்சு நடக்குதாம்."

வீடு வீடாக ஏறி இறங்கி, நோட்டீஸ் அடித்து, கற்பித்தல் முறைகளை விளக்கிச் சொல்லி வராத பிள்ளைகள், எச்.எம். நொடித்துப்போனார் என்ற வதந்திக்கு வருகிறார்கள்.

"மகிழ் எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன, ரெண்டாம் வகுப்புக்கே அவதான் டீச்சர். கவிதாதான் வெளிய போவ மாட்டேங்குறா, எல்லாரும் அவளப் பாவமாப் பாக்குறாங்களாம். ஆனா பழைய ஸ்கூலுக்கு மாத்துன்னு சொல்லல." அப்புறம் சொன்னான். "அக்கா, ஒனக்கு யாராச்சும் போன் பண்ணுனா மறுத்துப் பேசிராத. கஷ்டந்தான்னு சொல்லிரு. தலையெண்ணிக்கை எடுக்குற வரைக்குமாவது."

"அப்ப எம் மானம்?"

"நீ அங்கதானே இருக்க" என்றான், பெரிய ஆறுதல் சொல்வது போல.

எங்கள் ஊர் வகுப்பறையை இந்த வருடம் மூடவில்லை. செப்டம்பரில் மறுபடியும் தலையெண்ணிப் பார்ப்பார்களாம். நகரத்துப் பள்ளியைப் பற்றி நான் இப்போது யாரிடமும் பேசுவதில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போகிறேன்.

நேற்று ஜெய்னம்பு அக்கா மறுபடியும் கூப்பிட்டார். மகன் பணம் எடுத்து வைத்திருக்கிறானாம், தம்பி வாங்க மறுக்கிறானாம், நீயாவது சொல்லக் கூடாதா என்றார்.

"வேணாங்க்கா. அவன் வாங்க மாட்டான்."

"அப்ப நீயாச்சும் அனுப்பேம்மா. பிரான்சுல இருக்க..."

தம்பி சொல்லிக் கொடுத்ததை முதன்முறையாகச் சொன்னேன். "இங்கயும் கஷ்டந்தாங்க்கா. முன்ன மாதிரி இல்ல."

கேட்கலாமா வேண்டாமா என்ற தயக்கத்தோடு, அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப யாழினியையும் கவர்மென்ட் ஸ்கூல்லயாம்மா போட்டுருக்கே?"

"ஆமாங்க்கா."

"அழாதம்மா" என்றார் ஜெய்னம்பு அக்கா.